அம்மன் மாட்டுக்குத் தனிக் கை

வியாழக்கிழமை, காலை 5.40. நாமக்கல்.

என் லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து முட்டையும் ஜவ்வரிசியும் இந்தியாவின் எல்லா மூலைக்கும் போகின்றன. இங்கிருந்து குவாஹாட்டி எத்தனை நாள் ஓட்டம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நான் நீலகிரி மலைக்கு ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறேன், அதுவும் தேன்நிலவுக்கு. இரண்டாவது தடவை இதோ, பதினெட்டு வருடம் கழித்து, அதே மனைவியோடு. அப்போது கையில் மல்லிகைப்பூ வாங்கி வைத்திருந்தேன். இப்போது ஒரு தெர்மோகோல் பெட்டி.

மனைவி பெயர் சுகந்தி. பதினைந்து வருடமாக அரசு கால்நடை மருத்துவர். நாற்பத்திரண்டு வயதில் படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு எம்.வி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். கால்நடைகளின் நலமும் உற்பத்தியும் பற்றிய மேற்படிப்பு. வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இருபத்து நான்கு வயதுப் பிள்ளைகள். அவளை அக்கா என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதினால் அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வராது, அதனால் விட்டுவிடுகிறேன். அவளுடைய ஆய்வேட்டின் அட்டவணைகளை தினமும் மாலையில் உட்கார்ந்து நான்தான் டைப் செய்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆய்வு மடிநோயைப் பற்றியது. மடி வீங்கி மாடு துடிக்கிற நோய் எல்லோருக்கும் தெரியும். இது வெளியே தெரியாத வகை. மாடு நன்றாகத் தின்னும், பால் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் காம்புக்குள் கிருமி உட்கார்ந்துகொண்டு தினமும் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று குறைத்துக்கொண்டே போகும். நீலகிரியில் ஆறு இடங்களில் சிறு மாட்டுக்காரர்களிடம் சுகந்தி பால் எடுத்துச் சோதிக்கிறாள். நாங்கள் போவது அதில் நான்காவது இடம். ஆய்வு விதிப்படி ஊர் பெயர் வெளியே வரக்கூடாது. ஏட்டில் 'இடம் 4' என்றுதான் இருக்கும். உங்களுக்கும் அவ்வளவுதான் சொல்லலாம்: குன்னூரிலிருந்து கோத்தகிரி ரோட்டில் பதினொரு கிலோமீட்டர், பிறகு எஸ்டேட் ரோட்டில் இரண்டு.

இரண்டு மாதம் முன்பு வகுப்புத் தோழியோடு வந்து முதல் தடவை பால் எடுத்துப் போனாள். அந்தப் பெண்ணுக்கு இப்போது பரீட்சை, அதனால் உதவியாள் பதவி எனக்கு வந்தது. அந்த முதல் சோதனையில் அங்குள்ள பன்னிரண்டு மாடுகளில் எட்டுக்குக் கிருமி இருந்தது. வேறு எந்த இடத்திலும் இவ்வளவு இல்லை. எட்டிலும் ஒரே கிருமி. பன்னிரண்டையும் கறப்பது ஒரே ஆள். இந்தத் தடவை முடிவை மாட்டுக்காரர்களிடம் சொல்லி, இரண்டாம் சுற்றுப் பாலும் எடுத்து வர வேண்டும். அவர்கள் மறுத்துவிட்டால் இடம் 4 ஆய்விலிருந்து விழுந்துவிடும். மற்ற ஐந்து இடங்களிலும் கேள்விதான் கிடைத்திருக்கிறது, பதில் இங்கேதான் இருக்கிறது என்று சுகந்தி சொல்லியிருந்தாள். அவளுடைய இரண்டு வருடம் அந்தப் பன்னிரண்டு மாடுகளின் மேல் நின்றது.

ஈரோடு தாண்டி ஒரு கடையில் டீ குடித்தோம், ஒன்று பதினைந்து ரூபாய். அங்கேதான் எனக்கு வாய்ப்பூட்டு போடப்பட்டது.

"ஏனுங்க, அங்க வந்து நீங்க பேசவே கூடாது. நோவு எப்படிப் பரவுதுன்னு யாராச்சும் கேட்டாங்கன்னா, நான் பாத்துப் பதமாச் சொல்லிக்கறேன்."

சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நம்பியதுதான் அவள் செய்த தப்பு.

காலை 9.50. மேட்டுப்பாளையம், வீட்டிலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பத்தைந்து கிலோமீட்டர். கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸைக் காட்டினோம். மலைக்குப் பிளாஸ்டிக் ஆகாது என்பதால் இரண்டு தண்ணீர் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு ஊழியர் ஒருவர் தெர்மோகோல் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஐஸ் கட்டிப் பைகளும், நாற்பத்தெட்டு பிளாஸ்டிக் குப்பிகளும். மாட்டுக்கு நான்கு காம்பு, பன்னிரண்டு மாடு, கணக்கு சரி. அவர் முகம் மாறியது. சுகந்தி இறங்கி விளக்கினாள். மாட்டு டாக்டர் என்று தெரிந்ததும் அவர் குப்பிகளை மறந்துவிட்டார். அன்னூரில் அவர் வீட்டு மாடு ஈன்று மூன்று மாதமாகியும் பருவத்துக்கு வரவில்லையாம். பின்னால் ஆறு கார்கள் ஹாரன் அடிக்க, சாவடியிலேயே வைத்தியம் நடந்தது. தாது உப்பு எவ்வளவு, எத்தனை நாள் என்று அவர் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது வணக்கம் வேறு வைத்தார். எனக்கு எந்தச் சாவடியிலும் யாரும் வணக்கம் வைத்ததில்லை.

கொண்டை ஊசி வளைவுகளில் என் பழைய கார் முனகிக்கொண்டே ஏறியது. பர்லியாறில் நிறுத்தி இஞ்சினை ஆற வைத்தோம். மரங்களுக்கு நடுவே சாய்ந்து விழுந்த வெயிலும், கீழே எங்கோ ஓடும் தண்ணீர்ச் சத்தமும் நன்றாகத்தான் இருந்தன. சுகந்தி பார்த்தது சாலையோரத்தில் மேய்ந்த இரண்டு மாடுகளை. ஒன்றுக்குக் குளம்பு வளர்ந்திருக்கிறது என்றாள். பதினெட்டு வருடத்துக்கு முன்பும் இதே இடத்தில் இதேபோல் எதையோ சொன்னாள். நான்தான் அப்போது கவனிக்கவில்லை.

பகல் 12.10. குன்னூர் பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு லாட்ஜ். அறை ஆயிரத்து இருநூறு, வெந்நீர் வாளிக்கு முப்பது. சாப்பாட்டுக்குப் பின் வர்க்கி என்கிற மலை பிஸ்கட் கால் கிலோ வாங்கினேன். நான்கு மணிக்குக் காரை எடுத்தோம். ரோட்டின் இரு பக்கமும் தேயிலை சீராக வெட்டிவிட்ட தலைமுடி போல் இருந்தது. எதிரே கொழுந்து மூட்டை ஏற்றிய டிராக்டர் வந்தபோது எடை எவ்வளவு இருக்கும் என்று என் புத்தி தானாகக் கணக்குப் போட்டது.

மாலை 4.45. இடம் 4.

எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், லயம் என்பார்கள். இங்கே உள்ளவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். கோடியில் சின்ன மாரியம்மன் கோயில், அதன் பக்கத்தில் தனிக் கொட்டகையில் கோயில் மாடு லட்சுமி. மற்ற பதினொரு மாடுகளும் லயத்துக்குப் பின்னால். காலையில் எல்லோரும் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு, ஓட வேண்டும். அதனால் பன்னிரண்டு மாடுகளையும் பாக்கியம் என்ற ஒரே அம்மாதான் கறக்கிறார். அறுபத்தாறு வயது. தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பத்து வயதில் கப்பலில் வந்தவர் என்பதால் இன்னும் 'டொக்டர்' என்றுதான் சொல்கிறார். பதினோரு வருடமாக இந்த வேலை. அவர் கை பட்டால் உதைக்கிற மாடும் அசையாது என்று லயமே சொல்லும். குட்டையான, கெட்டியான விரல்கள். முதல் தடவை வந்தபோது சுகந்தியை உட்கார வைத்துக் கருப்பட்டி போட்ட டீ கொடுத்தவரும் அவர்தான்.

கோயில் முன்னால் கூட்டம். இருபது பேர் சால்வைக்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தி எளிமையாகப் பேசினாள். எட்டு மாடுகளுக்கு இந்தக் கோளாறு இருக்கிறது, யாரும் பயப்பட வேண்டாம், யாருடைய தப்பும் இல்லை, சரி செய்யலாம் என்றாள். எல்லோரும் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒருவர், ஒரு மாட்டுக்கும் இன்னொரு மாட்டுக்கும் பத்தடி தூரம் இருக்கிறதே, எப்படிப் பரவுகிறது என்று கேட்டார். சுகந்தி தொண்டையைச் செருமினாள்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சரக்கு உடைந்து வந்தால் முதல் கேள்வி, யார் கையில் ஏறியது, யார் கையில் இறங்கியது. அட்டவணைகளை டைப் செய்தவன் என்ற தைரியமும் சேர்ந்துகொண்டது.

"கறக்கற கை வழியாத்தானுங்க" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும். என்னோடு சேர்ந்து என் மனைவியின் ஆய்வும் கெட்டது. இருபது முகமும் பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தன. அவர் தன் கைகளைப் பார்த்தார், சால்வைக்குள் இழுத்துக்கொண்டார், எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

கோயில் பூசாரி சுப்பையா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர், லயத்துக்குப் பெரிய மனிதர் மாதிரி. அவர் மரியாதையாகவே சொன்னார்.

"அந்தம்மா கைய நம்பித்தான் இந்த லயத்துல மாடே இருக்கு, டாக்டர். கையக் குத்தம்னு சொல்லிட்டீங்க. நாளைக்குப் பால் எடுக்க வரவேணாம்."

சுகந்தி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டாள். பாக்கியம் வீட்டுக் கதவைத் தட்டினாள்; திறக்கவில்லை. குன்னூர் திரும்பும் பதின்மூன்று கிலோமீட்டரும் அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. லாட்ஜ் வாசலில் இறங்கும்போது மட்டும், ஆய்வு போனால் போகிறது, அந்தம்மா பிழைப்புப் போனால் தான் எந்த முகத்தோடு டாக்டர் என்று போர்டு வைப்பது என்றாள். காலையில் கறக்கும் நேரத்துக்குப் போய் மறுபடியும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை, விடியற்காலை 4.50. காரில் இருந்த வெப்பமானி ஆறு டிகிரி காட்டியது.

பெட்டி வேண்டாம், மன்னிப்புக் கேட்கப் போகிற இடத்துக்குக் குப்பியோடு போவது நன்றாக இருக்காது என்று சுகந்தி சொல்லியிருந்தாள். நான் ஐஸ் பைகளை லாட்ஜ் ஃப்ரீசரில் மறுபடி உறைய வைத்து, பெட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டேன். லாரிக்காரன் வெறும் வண்டியாக எங்கும் போவதில்லை.

வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பால் அபிஷேகம். சூரியன் வருவதற்குள் முடிய வேண்டும். லட்சுமியின் கொட்டகையில் விளக்கு எரிந்தது. பாக்கியம் மாட்டின் பக்கத்தில் குந்தியிருந்தார், ஆனால் மடியைத் தொடவில்லை. சுப்பையா பித்தளைச் செம்போடு நின்றார். எங்களைப் பார்த்ததும் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாக்கியம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டொக்டரம்மா, ராவெல்லாம் ஒரே யோசன. என் கையிலயே அது பொறக்காது. எங்கேர்ந்தோ வந்துதானே கையில ஏறியிருக்கும். எந்த மாட்டுலேர்ந்து?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்தப் பதில் அட்டவணையில் இருந்தது, எனக்கும் தெரியும். நேற்றுக் கூட்டத்தில் அதைச் சொல்லக் கூடாது என்றுதான் அவள் முடிவு செய்திருந்தாள். இப்போது நேராகக் கேட்கிறவரிடம் பொய் சொல்ல அவளுக்கு வராது.

"இந்த மாடுதானுங்க அம்மா. லட்சுமி. ரொம்ப நாளா இதுக்கு இருக்குது. நீங்க தெனமும் இதத்தான் மொதல்ல கறக்கறீங்க."

அம்மன் மாட்டில் தொடங்கி மற்ற மாடுகளுக்குப் போவது லயத்து வழக்கம். முதல் பால் அம்மனுக்கு, அந்தக் கை பட்டால் மற்ற மாடுகளும் பெருகும் என்று நம்பிக்கை. அந்தக் கைதான் கிருமியையும் கொண்டு போயிருக்கிறது.

காட்டுங்கள் என்றார் பாக்கியம். சுகந்தி எப்போதும் தோள்பையிலேயே வைத்திருக்கும், நான்கு கிண்ணங்கள் உள்ள கைப்பிடித் தட்டை எடுத்து, காம்புக்கு ஒரு கிண்ணமாக நான்கிலும் கொஞ்சம் பால் பிடித்து, சோதனைக் கரைசலை ஊற்றி மெதுவாகச் சுற்றினாள். மூன்று கிண்ணங்களில் பால் தண்ணீராக ஓடியது. நான்காவதில் கேழ்வரகுக் கூழ் போலக் கெட்டியாகித் தட்டோடு ஒட்டியது. பாக்கியம் தட்டைத் தன் கையில் வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். சுப்பையாவிடம் நீட்டினார். அவரும் சாய்த்துப் பார்த்தார்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். கிருமி இல்லாத நான்கு மாடுகளை முதலில் கறக்க வேண்டும், பிறகு மற்றவை, லட்சுமியைக் கடைசியில் என்றாள் சுகந்தி. பால் வற்றும் காலத்தில் காம்புக்குள் மருந்து ஏற்றினால் சரியாக வாய்ப்பு உண்டு, அதுவரை இப்படி. சுப்பையாவின் முகம் இறுகியது. அம்மன் மாட்டைக் கடைசியில் நிறுத்துவதற்கு லயம் ஒப்பாது, விடிந்த பிறகு வரும் பால் அபிஷேகத்துக்கும் ஆகாது என்றார். அவர் சொன்னதும் நியாயம். சுகந்தியின் பாடப் புத்தகத்தில் இதற்கு வழி இல்லை.

வழி சொன்னவர் பாக்கியம். எழுந்து நின்று சொன்னார்.

"கடைசியிலயும் வேணாம், மொதல்லயும் வேணாம். அத நான் தொடவே வேணாம். ஊரு மாட்டையெல்லாம் தொடுற கையி அம்மன் மாட்டத் தொடலாமா? இத்தன நாளு தொட்டதே தப்பு. அம்மன் மாட்டுக்குத் தனிக் கை வேணும். பூசாரி கையி."

சுப்பையா செம்பைப் பார்த்தார். பிறகு மெல்ல, "எனக்குக் கறக்கத் தெரியாதே" என்றார்.

தெரியாதுதான். லட்சுமி இரண்டு தடவை செம்பை உதைத்தது. ஒரு தடவை அவரையே உதைத்தது. கோளாறான காம்பின் பாலைத் தனிக் குவளையில் பிடித்துத் தூரமாய்க் கொட்டச் சொன்னாள் சுகந்தி; மற்ற மூன்றும் நல்ல பால், அம்மனுக்கு ஆகும். அரைச் செம்பு நிறைய இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் பெண்கள் கதவுகளைத் திறந்து வந்து, பூசாரி பால் கறக்கும் அழகை நின்று பார்த்தார்கள். சூரியனுக்கு முன்னால் அபிஷேகம் முடிந்துவிட்டது. அம்மன் மாட்டுக்குத் தனிக் கை என்ற பேச்சு லயம் முழுக்கப் பரவியது. அதில் யாருக்கும் குறையாகப் படவில்லை, மரியாதை கூடியதாகத்தான் பட்டது. நேற்றுப் பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தவர்கள், இன்றைக்கு எந்த மாடு முதலில் என்று அவரிடமே கேட்டார்கள்.

கிருமி இல்லாத மாடுகள் யார் யார் வீட்டுடையவை என்று பாக்கியம் சுகந்தியிடம் கேட்டு வரிசையை மனதில் ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு மாட்டுக்கும் நடுவில் மருந்து கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவ வேண்டும், மடியைத் தனித்தனித் துணியால் துடைக்க வேண்டும் என்று சுகந்தி சொன்னதும் என்னைப் பார்த்தார்.

"நேத்து பேசுன வாயி இன்னிக்குச் சும்மா இருக்கட்டும். வந்து தண்ணி ஊத்துங்க."

ஊற்றினேன். பதினொரு மாட்டுக்குப் பதினொரு தடவை. விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று அவர் தேய்த்துக் கழுவினார். நாற்பது லாரிகளை அனுப்புகிற ஆபீஸுக்கு முதலாளி நான்; இவ்வளவு கவனமாக ஒரு வேலையும் செய்ததாக நினைவில்லை. கறக்க உட்காருமுன் ஒவ்வொரு தடவையும் பாக்கியமே, குப்பியில் பிடிக்க வேண்டாமா என்று சுகந்தியைக் கேட்டார். டிக்கியிலிருந்து பெட்டி வந்தது. சுகந்தி என்னைப் பார்த்த பார்வையில் நேற்றைய கடன் பாதி கழிந்தது. கடைசியில் லட்சுமியிடமும் பிடித்ததும் நாற்பத்தெட்டு குப்பிகளும் நிறைந்தன. எண் எழுதி ஐஸ் பைகளுக்கு நடுவே அடுக்கியவன் நான்.

காலை 8.20. கிளம்பும்போது பாக்கியம் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, அந்தப் புத்தகத்தில் தன்னை என்னவென்று எழுதியிருக்கிறது என்று கேட்டார். சுகந்தி தயங்கிக்கொண்டே, 'கறப்பவர் 1' என்று இருப்பதாகச் சொன்னாள். விதி அப்படி.

"முப்பத்தெட்டு வருசம் தோட்டத்துச் சம்பளப் பதிவு, அந்தச் செக்ரோல்ல நம்பராத்தான் இருந்தேன். இதுலயும் நம்பரா? யோசன நான் சொன்னது. பேரப் போடுங்க."

முயற்சி செய்கிறேன் என்றாள் சுகந்தி. முடியும் என்று அவளுக்கே நிச்சயம் இல்லை.

இறங்கும் வழியில் நான் எங்கும் நிறுத்தவில்லை. பிற்பகல் 2.30-க்குக் கல்லூரி ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் உருகாமல் இருந்தது. நாமக்கல்லில் வெயில் முப்பத்தாறு. முட்டை லாரிகள் வரிசையில் நின்றன. ஊருக்குள் நுழைந்தால் எல்லோரும் என்னை முதலாளி என்பார்கள். ஒரு லயமே என் மனைவியைச் சுற்றி நின்றதைப் பார்த்துவிட்டு வந்ததால் அந்தச் சொல் அன்றைக்குக் கொஞ்சம் சின்னதாகக் கேட்டது.

இதற்குப் பிறகு சுகந்தி தோழியோடு இன்னொரு தடவை மேலே போய் வந்தாள். சுத்தமாக இருந்த நான்கு மாடுகளும் சுத்தமாகவே இருந்தன. சுப்பையா இப்போது பத்து நிமிடத்தில் கறக்கிறாராம்.

போன வாரம் கடைசி அத்தியாயத்தை டைப் செய்தேன். ஆய்வேட்டில் ஒரு கருத்தைச் சொன்னால் வாக்கியத்தின் முடிவில் அதை முதலில் சொன்ன பேராசிரியரின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். கிருமியுள்ள மாட்டுக்குத் தனிக் கறவையாள் வைப்பது ஊர் வழக்கத்தோடு ஒத்துப்போகும் என்ற வரிக்கு யார் பெயர் என்று கேட்டேன். "பாக்கியம், நேரில் சொன்னது" என்று போடச் சொன்னாள். அப்படி ஒரு முறை இருக்கிறதாம். ஆள் சம்மதித்தால் போதும். விதியையெல்லாம் புரட்டி அவள் கண்டுபிடித்திருந்தாள். அந்தப் பக்கத்தில் முன்னும் பின்னும் பெரிய பெரிய பேராசிரியர்கள்.

வழிகாட்டிப் பேராசிரியர் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். பக்கத்தில் எழுதியிருந்தது ஒரே வரி: மற்ற எல்லோருக்கும் இனிஷியல் இருக்கிறது, இவருக்கும் கேட்டுப் போடவும்.

போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். ரெண்டு போடலாமா என்று கேட்டார் பாக்கியம். அப்பா மாரிமுத்து, அம்மா செல்லம்மா; இரண்டு பேரும் நம்பராகவே செத்துப் போனவர்கள்.

இரண்டும் போட்டேன். மா. செ. பாக்கியம்.